நெல்லுக்கு விலை ஏற்றுவதை உலக வர்த்தக ஒப்பந்தம் தடுக்கிறதா?

12 அக்டோபர் 2025, வாசகர் கேள்வி

எங்கள் ஒன்றியத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் ஒருவர், "நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 3,500 ரூபாய் கொடுக்க எந்த அரசாலும் முடியாது. உலக வர்த்தக அமைப்பில் கையெழுத்துப் போட்டாயிற்று, கை கட்டப்பட்டுவிட்டது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எந்த விதி கட்டுகிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 அக்டோபர், இரவு

பாதி உண்மை. குறைந்தபட்ச ஆதரவு விலை கொடுக்கக் கூடாது என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. 1995 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம், விலையைத் தாங்கிப் பிடிக்கும் உதவிக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறது. வளரும் நாடு என்றால், ஒரு பயிரின் மொத்த விளைச்சல் மதிப்பில் 10 சதவீதம். பணக்கார நாடுகளுக்கு 5 சதவீதம். கேட்பதற்கு நமக்குச் சலுகை போலத்தான் இருக்கிறது. சிக்கல் அந்த 10 சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

13 அக்டோபர்

கணக்கு இதுதான். அரசு அறிவிக்கும் விலையிலிருந்து ஓர் "ஒப்பீட்டு விலை"யைக் கழிக்க வேண்டும். மிச்சத்தைக் கொள்முதல் அளவால் பெருக்க வேண்டும். வருவதுதான் "ஆதரவு". அந்த ஒப்பீட்டு விலை இன்றைய உலகச் சந்தை விலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது 1986 முதல் 1988 வரை இருந்த சராசரி விலை. அன்றைக்கு உறையவைத்தது, இன்று வரை அப்படியே நிற்கிறது. இந்திய அரிசிக்கு அது டன்னுக்கு 3,520 ரூபாய், குவிண்டாலுக்கு 352 ரூபாய். நெல்லுக்கு இல்லை, அரிசிக்கு!

1987-88இல் மத்திய அரசு பொது ரக நெல்லுக்கு அறிவித்த விலை 150 ரூபாய். இந்த ஆண்டு 2,369. இடையில் டீசல் விலை, உர விலை, நடவுக்கூலி எல்லாம் எங்கே போயிருக்கின்றன என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த ஏற்றம் முழுவதும், உலக வர்த்தக அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனீவாவின் கணக்கில் விவசாயிக்குக் கொடுத்த மானியமாக ஏறிவிடுகிறது. அப்பாவின் காலத்துப் படியை வைத்துக்கொண்டு இன்றைய நெல்லை அளக்கிறார்கள். இது அநியாயம். இதைச் சொல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

13 அக்டோபர், மாலை

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். கல்லூரி ஆசிரியர் ஒருவர் தனிச் செய்தியில் சுட்டிக்காட்டினார். இந்தியா தன் கணக்கை ரூபாயில் காட்டுவதில்லை, டாலரில்தான் காட்டுகிறது. டாலரில் அந்தப் பழைய விலை டன்னுக்கு 262.51. இதனால் ரூபாய் மதிப்பு விழுந்ததால் ஏறிய பகுதி கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது.

2020-21க்கு நானே போட்டுப் பார்த்தேன். நெல் 1,868 ரூபாய். நெல்லில் 67 சதவீதம் அரிசி என்று வைத்தால் டன் அரிசி ஏறத்தாழ 27,900 ரூபாய். அப்போது டாலர் சுமார் 74 ரூபாய், ஆகவே 376 டாலர். 262 கழித்தால் 114. கொள்முதல் சுமார் 6 கோடி டன். பெருக்கினால் ஏறக்குறைய 684 கோடி டாலர் வருகிறது. இந்திய அரசு அந்த ஆண்டுக்குத் தெரிவித்தது 690 கோடி டாலர். கணக்கு ஒத்துப்போனதும் எனக்கு ஒரு நிறைவு. அந்த ஆண்டு நெல் விளைச்சலின் மதிப்பு 4,556 கோடி டாலர். ஆக ஆதரவு 15.14 சதவீதம். 10 சதவீத வரம்பைத் தாண்டியாயிற்று.

இதே கணக்கை ரூபாயில் போட்டால் 43 சதவீதம் வரை போகிறது. அமெரிக்கா 2018 மே மாதம் இந்தியாவுக்கு எதிராக ஒரு மாற்றுக் கணக்கைத் தாக்கல் செய்தது. ரூபாயில், அதுவும் வாங்கிய நெல்லை மட்டும் எடுக்காமல் விளைந்த நெல் முழுவதற்கும் போட்டது. 2010-11 முதல் 2013-14 வரை அரிசிக்கு 74 முதல் 84.2 சதவீதம் என்று வந்தது. வயலும் நெல்லும் ஒன்றுதான். எந்த நாணயம், எந்த அளவு என்று தேர்ந்தெடுப்பதில்தான் இவ்வளவு வித்தியாசமும்.

17 அக்டோபர்

மழை தொடங்கிவிட்டது. மூன்று நாட்களாக மூட்டைகள் களத்தில் கிடக்கின்றன. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அரசு கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். இந்த வானத்தில் 17க்கு எப்படிக் காயவைப்பது? தார்ப்பாய் விலைக்கு வாங்கினேன், இரண்டு. காலையில் விரிப்பதும் தூறல் விழுந்தால் குவித்து மூடுவதும் மறுபடி விரிப்பதுமாக நானும் என் மனைவியும் இடுப்பொடிந்து போனோம். குவியலின் அடியில் முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தபோது அழுகை வந்தது.

சன்ன ரகத்துக்கு மாநிலத்தின் ஊக்கத்தொகை 156 ரூபாய் சேர்த்து 2,545. பொது ரகத்துக்கு 131 சேர்த்து 2,500. இது காகிதத்தில் இருக்கும் விலை. களத்தில் கிடக்கும் நெல்லை வியாபாரி வந்து என்ன விலைக்குக் கேட்கிறான் என்பதை எழுதவே மனம் வரவில்லை. இந்த இடைவெளிக்கு எந்த உலக ஒப்பந்தமும் காரணமில்லை. ஒரு கொட்டகையும் உலர்த்தும் இயந்திரமும் இருந்திருந்தால் போதும். கொட்டகை கட்டுவதும் இயந்திரம் வைப்பதும் ஒப்பந்தத்தின் "பச்சைப் பெட்டி"யில் வரும் செலவு. அதற்கு உச்சவரம்பே கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம்.

18 அக்டோபர்

"அமெரிக்காவும் ஐரோப்பாவும் கோடிக்கணக்கில் மானியம் கொடுக்கின்றனவே, அவர்களுக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள்.

ஒப்பந்தம் போடும்போது ஏற்கனவே அதிகமாக மானியம் கொடுத்துக்கொண்டிருந்த நாடுகள், அதை ஓரளவு குறைத்துக்கொண்டு மிச்சத்தைத் தங்கள் உரிமையாக வைத்துக்கொண்டன. அமெரிக்காவுக்கு அப்படி ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் உண்டு. 5 சதவீத வரம்புக்கு மேல் போக அந்த இடம் இருக்கிறது. இந்தியாவுக்கு அந்த வகையில் கிடைத்தது சுழியம்.

ஏன் சுழியம்? 1987-88இல் நெல் 150 ரூபாய் என்றால் அரிசிக் கணக்கில் குவிண்டால் சுமார் 224 ரூபாய். உலக விலை 352. அதாவது உலக விலையைவிடக் குறைவாகத்தான் நம் விவசாயிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆதரவு என்பதே இல்லை, எடுத்துக்கொண்டதுதான் இருந்தது. அன்று கொடுக்கவில்லை என்பதால் இன்றும் கொடுக்க இடமில்லை என்கிறது ஒப்பந்தம். என் அப்பா அந்த விலைக்கு நெல் விற்றவர். அவருடைய வறுமைதான் இந்தியாவின் சுழியத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் இதைப் படித்துப் புரிந்துகொண்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

21 அக்டோபர்

"வரம்பைத் தாண்டியாயிற்று என்கிறீர்கள், ஆனால் ஒன்றும் நடக்கவில்லையே?"

நடக்காததற்குக் காரணம் பாலித் தீவு. 2013 டிசம்பரில் அங்கே நடந்த உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாட்டில் "சமாதான விதி" வந்தது. வளரும் நாடுகள் உணவுப் பாதுகாப்புக்காகத் தானியம் வாங்கி இருப்பு வைக்கும்போது 10 சதவீதத்தைத் தாண்டினாலும் வழக்குப் போடக் கூடாது என்பது அதன் சாரம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த ஆண்டு அது. தற்காலிகம் என்று தொடங்கியதை, நிரந்தரத் தீர்வு வரும்வரை நீடிக்கும் என்று 2014 நவம்பரில் எழுதி வாங்கினார்கள். அதற்கு முன் ஜூலையில் இந்தியா வேறொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்து அடம்பிடித்தது. அந்த அடம் சரியான அடம். 2018-19க்கு அரிசியில் 11.46 சதவீதம் கொடுத்ததாகத் தெரிவித்து, இந்த விதியை முதன்முதலில் பயன்படுத்திய நாடும் இந்தியாதான்.

நிபந்தனைகள் உண்டு. விதி வந்த நாளில் ஏற்கனவே நடந்துகொண்டிருந்த திட்டங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு. கணக்கை ஒளிக்காமல் தெரிவிக்க வேண்டும். இருப்பு வைத்த தானியம் பிறநாட்டு வர்த்தகத்தைக் குலைக்கக் கூடாது.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: அரசு தன் கொள்முதல் நிலையத்தில் 3,500 கொடுத்து நெல்லை வாங்கினால் ஜெனீவாவில் யாரும் வழக்குப் போட்டு நிறுத்த முடியாது. பணம் வேண்டும், மனம் வேண்டும். மாநிலங்கள் மேலே போட்டுக் கொடுக்கும் ஊக்கத்தொகையைக் கட்டுப்படுத்தப் பார்த்ததும் டெல்லிதான். 2014இல், போனஸ் அறிவிக்கும் மாநிலங்களில் மத்தியத் தொகுப்புக்கான கொள்முதலைக் குறைத்துக்கொள்வோம் என்று மத்திய அரசே எழுதியது.

25 அக்டோபர்

நெல்லை விட்டு எண்ணெய்க்குப் போகிறேன். விலகிப் போவதாகத் தோன்றலாம், விலகவில்லை.

என் அம்மாவின் ஊர் திண்டிவனம் பக்கம். மணிலாக் காடு. நாங்கள் மல்லாட்டை என்போம், தஞ்சைப் பக்கம் கடலை. பள்ளி விடுமுறையில் போனால் தாத்தா வீட்டுத் திண்ணை முழுவதும் காய்ந்த காய்கள் குவிந்திருக்கும். செக்கில் ஆட்டிய எண்ணெய் தகர டின்களில் வரும். எண்பதுகளின் கடைசியில் எண்ணெய்வித்துக்களுக்காக நாடு தழுவிய திட்டம் ஒன்று ஓடியது, 1986இல் தொடங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சமையல் எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ முழுவதையும் இந்தியாவே விளைவித்துக்கொண்டது. இன்று பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. மாமாவின் நிலத்தில் இப்போது சவுக்கு நிற்கிறது.

"பார்த்தீர்களா, உலக ஒப்பந்தம் செய்த வேலை" என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன். அது தவறு. பாமாயிலுக்கு இந்தியா 300 சதவீதம் வரை இறக்குமதி வரி போடலாம். ஒப்பந்தத்தில் நமக்கு எழுதிக் கொடுத்த உச்சவரம்பு அது. 300! சோயா எண்ணெய்க்கு 45 சதவீதம்தான், அந்த இடத்தில் கொஞ்சம் கை கட்டியிருக்கிறது. ஆனால் பாமாயிலில் கதவைப் பூட்டும் சாவி நம்மிடமே இருந்தது. 1994இல் 65 சதவீத வரியோடு திறந்து, 1998இல் 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2008இல் கச்சா (சுத்திகரிக்காத) சமையல் எண்ணெய்க்கு வரியே இல்லை. பிறகு ஏற்றினார்கள், இறக்கினார்கள், ஏற்றினார்கள். இந்த ஆண்டு மே 30 அன்று கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை வரி 20இலிருந்து 10 ஆனது. இதில் எதையும் ஜெனீவா கேட்கவில்லை. நகரத்தில் எண்ணெய் விலை ஏறினால் வரியை இறக்குவது நம் அரசுகளின் பழக்கம்.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு 2009இல் போட்ட ஒப்பந்தத்தையும் பாருங்கள். கச்சா பாமாயில் வரியை 80இலிருந்து படிப்படியாக 37.5க்கு, பத்தாண்டுகளில் 2019 முடிவுக்குள் குறைப்போம் என்று இந்தியா ஒப்புக்கொண்டது. கையெழுத்துப் போட்ட நாளில் நாம் வாங்கிக்கொண்டிருந்த வரியோ சுழியம்!

என் அத்தை ரேஷன் கடையில் 25 ரூபாய் கொடுத்து லிட்டர் பாமாயில் வாங்கித்தான் வீட்டில் பலகாரம் சுடுகிறாள். மல்லாட்டை போட்ட வீட்டுப் பெண். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த விலையில் வேறு எண்ணெய் கிடைக்காது. ஆனால் அதே 25 ரூபாய்த் திட்டத்தில் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கொடு என்று பொள்ளாச்சிக்காரர்களும் பிறரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியது சென்னை.

26 அக்டோபர்

நேற்று எழுதியதற்கு "இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. இல்லை. மெக்சிகோவைப் பாருங்கள்.

1994 ஜனவரி 1 அன்று அமெரிக்கா, கனடாவோடு மெக்சிகோ போட்ட நாஃப்டா நடைமுறைக்கு வந்தது. மக்காச்சோளம் அந்த மக்களுக்கு நமக்கு நெல் போல. அது பிறந்த மண்ணே அதுதான். ஆகவே ஒப்பந்தத்தில் பாதுகாப்பு வைத்தார்கள். ஆண்டுக்கு 25 லட்சம் டன் அமெரிக்கச் சோளம் வரியில்லாமல் வரலாம், ஆண்டுதோறும் 3 சதவீதம் கூடும், அதற்கு மேல் வந்தால் 215 சதவீத வரியில் தொடங்கிக் குறைத்து 15 ஆண்டுகளில் நீக்குவது என்று. 2008 வரை மூச்சுவிட நேரம் இருந்தது. மெக்சிகோ அரசு அந்தக் கூடுதல் வரியைப் பெரும்பாலும் வாங்கவில்லை. அளவைத் தாண்டி வந்த சோளத்தையும் வரியில்லாமலோ மிகக் குறைந்த வரியிலோ விட்டது. கோழிப்பண்ணைக்கும் மாவு ஆலைக்கும் மலிவாக வேண்டும் என்பது காரணம். விவசாயியிடம் வாங்கிக்கொண்டிருந்த கோனசுப்போ என்ற அரசு நிறுவனத்தையும் 1999இல் மூடினார்கள். 15 ஆண்டு அவகாசம் சில ஆண்டுகளிலேயே கரைந்துபோனது.

ஹைதியில் 1995இல் அரிசி மீதான வரியை வெறும் 3 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். அது கடன் கொடுத்தவர்களின் நெருக்கடி. அன்று அமெரிக்க அதிபராக இருந்த கிளிண்டன், 2010 மார்ச் மாதம் செனட் குழுவின் முன் அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டதில் ஹைதி விவசாயிக்கு நிலம் திரும்பவில்லை.

2 நவம்பர்

ஒரே பக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று என் நண்பன் கண்டித்தான். கொல்லிமலையில் மிளகு வைத்திருப்பவன். நான் எழுதியதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டான். "உனக்குப் பாமாயில் கதை கிடைத்தது. என் கதையை எழுது. என் கதையில் ஒப்பந்தம்தான் வில்லன்."

அவன் சொல்வது சரி. இலங்கையோடு 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியில்லாமல் வரலாம். தெற்காசிய ஒப்பந்தத்தின் கீழ் 8 சதவீத வரியில் வரலாம். ஆசியான் ஒப்பந்தத்தில் மிளகு வரி 70இலிருந்து 50க்கு இறங்கியது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாகச் சுற்றிக்கொண்டு குறைந்த வரியில் நுழைகிறது என்பது மலைவிவசாயிகளின் நெடுநாள் புகார். இலங்கையில் குறைந்தது 35 சதவீத மதிப்பு சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. மூட்டையைப் பிரித்து மிளகைப் பார்த்து எந்த நாடு என்று சொல்ல முடியுமா?

2017க்குப் பிறகு விலை விழுந்தபோது சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடியைக் கவனிக்கவே அவனுக்கு மனமில்லாமல் போனது. ஏணி பிடிக்கிற ஆளின் கூலிக்கே கட்டவில்லை என்றான். இந்த இடத்தில் வரியை ஏற்று என்று டெல்லியைத் திட்டிப் பயனில்லை. ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்கு அது.

3 நவம்பர்

நண்பனே ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறான். 2017 டிசம்பரில் மிளகுக்கு கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். வாக்குக் கொடுத்த பிறகும் கொஞ்சம் வழி இருந்திருக்கிறது. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மூன்று மாநில மிளகுக்காரர்களும் சேர்ந்து கத்தியதால் கிடைத்த வழி.

9 நவம்பர்

ஒரு வாரமாக மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதுகிறேன். ஒப்பந்தம் எந்த விலையைத் தடுத்தது என்று தேடிக்கொண்டிருந்தோம். அதைவிட ஆழமாக அது செய்தது, எந்த வகை உதவி "நல்ல உதவி" என்று நம் அதிகாரிகளின் மனத்தில் பதியவைத்தது.

நெல்லை விலை கொடுத்து வாங்கினால் மஞ்சள் பெட்டி, வரம்பு உண்டு. வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் போட்டால் பச்சைப் பெட்டி, வரம்பில்லை. 2019இல் வந்த பிஎம் கிசான், ஆண்டுக்கு 6,000 ரூபாய், இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கொள்முதலைக் குறைத்துப் பணமாகக் கொடுங்கள் என்று பொருளாதாரம் படித்தவர்கள் எழுதாத மாதமில்லை. இந்தியாவில் அதைச் சொல்ல வேறு காரணங்களும் இருக்கின்றன, கிட்டங்கிகளில் தானியம் வீணாவது உண்மைதான். ஆனால் எங்கள் டெல்டாவில் வந்து பாருங்கள். எனக்கு மூன்று ஏக்கர் சொந்தம், நான்கு ஏக்கர் கோயில் நிலக் குத்தகை. என் பக்கத்து வயல்காரருக்கு ஏழு மா நிலமும் குத்தகை, சொந்தமாக ஒரு குழி கிடையாது. பிஎம் கிசான் பட்டா உள்ளவருக்குத்தான். அவருக்கு ஒரு ரூபாய் வராது. ஆனால் இன்ன பயிர் செய்தார் என்று காட்டும் அடங்கல் சான்றை வாங்கிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனால் அவருடைய நெல்லுக்கும் 2,545தான். உழுதவன் கையில் போய்ச் சேருவது விலை மட்டுமே. பெட்டிகளுக்கு நிறம் தீட்டியவர்கள் குத்தகைக்காரனை நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு நல்ல இடமும் உண்டு, மறைக்கக் கூடாது. வருமானம் குறைந்த, வளமில்லாத விவசாயிகளுக்குக் கொடுக்கும் உரம், மின்சாரம், பாசன மானியங்களுக்கு வளரும் நாடுகளில் வரம்பு கிடையாது. இந்தியா தன் நிலஉடைமைகளில் 99.43 சதவீதம் அந்த வகை என்று தெரிவித்திருக்கிறது. நம் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் அந்த விதியின் கீழ் நிற்கிறது.

15 நவம்பர்

அக்டோபர் 21 குறிப்பை நான் திருத்த வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் பேசியவர் முழுத் தவறு என்று எழுதாவிட்டாலும் அந்தத் தொனியில் எழுதினேன். கரும்பு வழக்கை மறந்துவிட்டேன்.

பிரேசில், ஆஸ்திரேலியா, குவாதமாலா மூன்றும் இந்தியாவின் கரும்பு, சர்க்கரை உதவிகளுக்கு எதிராக உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2021 டிசம்பரில் தீர்ப்புக்குழு இந்தியாவுக்கு எதிராகச் சொன்னது. கரும்புக்கு மத்திய அரசு விலை நிர்ணயிக்கிறது, ஆனால் ஒரு கட்டுக் கரும்பைக்கூட அரசு வாங்குவதில்லை. ஆலைதான் வாங்குகிறது, ஆலைதான் பணம் கொடுக்க வேண்டும். அரசு ஒரு ரூபாய் செலவழிக்காதபோது அது எப்படி எங்கள் ஆதரவு ஆகும் என்று இந்தியா வாதாடியது. எடுபடவில்லை. சட்டத்தால் விலையைக் கட்டாயப்படுத்தினாலே ஆதரவுதான் என்று சொல்லி, 2014-15 முதல் 2018-19 வரை 10 சதவீதத்தைத் தாண்டியது என்று முடித்தார்கள். 2022 ஜனவரியில் இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டுக்குழு 2019 டிசம்பரிலிருந்து போதிய உறுப்பினர் இல்லாமல் முடங்கிக் கிடப்பதால் தீர்ப்பு அந்தரத்தில் நிற்கிறது.

இதை நெல்லுக்குப் பொருத்திப் பாருங்கள். ஆதரவு விலைக்குக் கீழே யார் வாங்கினாலும் குற்றம் என்று சட்டம் வேண்டும் என்பது டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகளின் கோரிக்கை. என்னுடைய கோரிக்கையும் அதுதான். ஆனால் அப்படிச் சட்டம் வந்தால், கரும்புத் தீர்ப்பின் வழியில், தனியார் வாங்கும் நெல்லும் கணக்கில் ஏறும். சமாதான விதியும் கைகொடுக்காது, அது அரசு வாங்கி இருப்பு வைக்கும் தானியத்துக்கு மட்டும்.

ஆக, அரசு வாங்கும் வழியில் 3,500 கொடுக்கக் கை கட்டப்படவில்லை. சட்ட உத்தரவாத வழியில் கொடுக்கப்போனால் வழக்கு வரும். கூட்டத்தில் பேசியவர் இந்த இரண்டாவது வழியை மனத்தில் வைத்துப் பேசியிருந்தால் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

எனக்கு இன்னும் சட்டம் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. வழக்கு வரும் என்பதற்காகக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் இனி கேட்கும்போது, 1986-88 விலையை மாற்று என்பதையும் சேர்த்துத்தான் கேட்பேன். அது மாறாமல் சட்டம் நிற்காது.

20 நவம்பர்

தாய்லாந்துகூட இந்தியாவை எதிர்க்கிறதாமே என்று கேட்டவருக்கு. ஆம், நம்மை எதிர்ப்பவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் இல்லை. 2024இல் உலக வர்த்தக அமைப்பின் அபுதாபி மாநாட்டில், இந்தியா இருப்புக்கென்று வாங்கிய அரிசியை ஏற்றுமதி செய்து தங்கள் விவசாயியைக் கெடுக்கிறது என்று தாய்லாந்துத் தூதர் பேசி, இந்தியா கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தது. உலகச் சந்தையில் விற்கும் அரிசியில் ஏறத்தாழ 40 சதவீதம் நம்முடையது. 2023 ஜூலையில் நாம் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தியபோது, அரிசி வாங்கிச் சாப்பிடும் ஆப்பிரிக்க நாடுகளில் விலை ஏறியது. நம் அரிசி வெளியே போனால் ஒருவருக்கு வலிக்கிறது, போகாவிட்டால் இன்னொருவருக்கு வலிக்கிறது.

தாய்லாந்து விவசாயியும் முழங்கால் சேற்றில் நிற்பவன்தான். அவனுடைய வருத்தத்தைப் பொய் என்று என்னால் தள்ள முடியாது. இருப்பிலிருந்து ஏற்றுமதி இல்லை என்பதை நாம் கணக்குக் காட்டி நிரூபிக்க வேண்டும், வாயால் சொன்னால் போதாது.

ஆனால் பருத்திக்கு அமெரிக்கா கொடுத்த மானியத்தால் பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி நாட்டு விவசாயிகள் நொடிந்து 2003இலிருந்து முறையிட்டுக்கொண்டிருப்பதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க ஒப்ப மாட்டேன். பிரேசில் வழக்குப் போட்டு வென்றது. 2014இல் 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா பிரேசிலோடு முடித்துக்கொண்டது. அந்த நான்கு ஏழை நாடுகளுக்கு அந்தப் பணத்தில் பங்கில்லை.

பருத்தி என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த ஆகஸ்டில் இறக்குமதிப் பருத்தியின் 11 சதவீத வரியை நீக்கினார்கள், டிசம்பர் 31 வரை. கோவை, திருப்பூர் ஆலைகளுக்கு நூல் மலிவாகும், அந்த வேலைகளும் நம் பிள்ளைகளின் வேலைகள்தான். ஆனால் நெல் அறுத்த தரிசில் கோடைப் பருத்தி போடலாம் என்று விதை விசாரித்துக்கொண்டிருந்த நான் நிறுத்திவிட்டேன்.

24 நவம்பர்

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் பேசப்போகிறாராம், சுருக்கமாக எதைக் கேட்கச் சொல்லலாம் என்கிறார்.

உலக வர்த்தக அமைப்பின் அடுத்த அமைச்சர்கள் மாநாடு 2026 மார்ச் மாதம் கேமரூனின் யாவுண்டேயில் நடக்கிறது. பொது இருப்புக்கு நிரந்தரத் தீர்வு வேண்டும், ஒப்பீட்டு விலையைப் புதுப்பிக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் டெல்லியில் எழுந்து கேட்க வேண்டும். எழுதிக் கொடுங்கள். 262.51 என்ற எண்ணையும் எழுதிக் கொடுங்கள். எண் இல்லாத கோரிக்கையை அவர்கள் படிப்பதில்லை.

மற்றது நம் ஊர் வேலை. என் குறுவை நெல்லுக்கு நேற்றுத்தான் பணம் வந்தது. எடுத்த மூட்டைகளுக்கு முழு விலை. முளைத்துப்போன பதினொரு மூட்டையை மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்துவிட்டேன். தை மாதம் சம்பா அறுப்புக்கு முன்னால் நிலையத்துக்கு ஓர் உலர்த்தும் இயந்திரம் வேண்டும் என்று மனு எழுதி நாற்பத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். குத்தகைக்காரர்கள் பெயர்களை முதலில் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம்.